கரண்ட்ல குரோம் தண்ணி சுத்தமாகுமா?

குறிச்சி பட்டறை | ஜூன் 4, காலை 10.20

ஹார்ட் குரோம் (இரும்பு பாகங்க மேல கெட்டியா குரோம் முலாம் போடறது) பட்டறை வச்சிருக்கேன், சின்னதுதான், ரெண்டு டேங்க். ரின்ஸ் தண்ணி (முலாம் போட்டதைக் கழுவுன தண்ணி) ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர் பக்கம் வரும். இப்ப ஆசிட் விட்டு மெட்டா பை சல்ஃபைட் போட்டு அப்புறம் காஸ்டிக் போட்டு பண்ணிட்டிருக்கோம். நேத்து ஒருத்தர் வந்து கரண்ட்லயே பண்ற மெஷின் காட்டுனாரு. கெமிக்கலே வேண்டாம், ஸ்லட்ஜே (அடியில படியற சேறு) வராது, தண்ணிய திருப்பி யூஸ் பண்ணிக்கலாம்னு சொல்றாரு. கண்ணு முன்னாடியே மஞ்சத்தண்ணி கால் மணி நேரத்துல வெள்ளையாயிடுச்சு. வாங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொட்டிக்காரன் | ஜூன் 4, மதியம் 1.40

அண்ணா, கரண்ட்ல குரோம் எடுக்க முடியும், அதுல சந்தேகமே இல்லை. கெமிக்கல் வேண்டாம்ங்கறது பாதி உண்மை. ஸ்லட்ஜே வராதுங்கறது சுத்தப் பொய், அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அந்த ஆளை வாசலோட அனுப்பியிருப்பேன்.

குரோமியம் ஒரு உலோகம். எரிச்சாலும் போகாது, கரண்ட் விட்டாலும் போகாது. தண்ணில இருந்து போச்சுன்னா வேற எங்கயோ போய் உக்காந்திருக்குன்னு அர்த்தம். எங்கன்னு கேளுங்க.

தொட்டிக்காரன் | ஜூன் 4, இரவு 9.15

மதியம் அவசரத்துல எழுதிட்டேன், இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

அந்த மெஷின்ல இருக்கற பிளேட் இரும்புன்னு வச்சுக்கறேன் (இரும்பா அலுமினியமான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, முக்கியம்). ரெக்டிஃபையர்ல (ஏசியை டிசி ஆக்கற பெட்டி) இருந்து டிசி கொடுத்ததும் ஆனோடு (பிளஸ்) பிளேட் கரையுது, கரைஞ்ச இரும்பு ரெண்டு சார்ஜோட தண்ணிக்குள்ள வருது. உங்க மஞ்சத்தண்ணில இருக்கற குரோம் ஆறு சார்ஜ் உள்ளது, அதுதான் விஷம், அதுதான் கேன்சர் வர வைக்கறது, அது எந்த பிஎச்லயும் கரைஞ்சே கிடக்கும், காஸ்டிக் போட்டாலும் படியாது. ஒரு ஆறு-குரோமை மூணு-குரோமா இறக்க மூணு இரும்பு வேணும். இறங்கின மூணு-குரோம் பிஎச் எட்டு, எட்டரை பக்கம் ஹைட்ராக்சைடா படியும், கூடவே இரும்பும் படியும். கேத்தோடுல (மைனஸ் பிளேட்) ஹைட்ரஜன் குமிழ் வர்றதால பிஎச் கொஞ்சம் தானாவே ஏறும், அந்தக் குமிழ்ல ஒட்டிக்கிட்டு கொஞ்சம் ஸ்லட்ஜ் மேல மிதக்கும். எலக்ட்ரோ கோயாகுலேஷன்னு சொல்றது இதைத்தான்.

அதாவது கெமிக்கல் வேண்டாம்னு சொன்னாலும் அந்த இரும்பு பிளேட்டே கெமிக்கல்தான். ஃபெரஸ் சல்ஃபேட்டை மூட்டைல வாங்கறதுக்கு பதிலா தகடா வாங்கறோம்.

இன்னொண்ணு, இதைப் புது டெக்னாலஜின்னு சொல்லி விக்கறாங்க. 1889லயே லண்டன்ல சாக்கடைத் தண்ணியோட கடல் தண்ணியக் கலந்து கரண்ட் விட்டுப் பாத்திருக்காங்க. பழைய விஷயம்தான், பழசா இருக்கறது ஒண்ணும் தப்பில்ல.

தொட்டிக்காரன் | ஜூன் 5, காலை 7.05

கணக்கு கேட்டிருந்தீங்க. ரின்ஸ் தண்ணில லிட்டருக்கு 50 மி.கி. குரோம் இருக்குன்னு வச்சுக்குவோம், ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம் குரோம். ஒரு கிராம் குரோமுக்கு 3.2 கிராம் இரும்பு வேணும், அப்ப 161 கிராம். ஒரு ஆம்பியர் அவருக்கு (ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடுனா) 1.04 கிராம் இரும்பு கரையும், இது ஃபாரடே விதி, மெஷின் எந்தக் கம்பெனியா இருந்தாலும் மாறாது. அப்ப 155 ஆம்பியர் அவர். 30 ஆம்பியர்ல அஞ்சு மணி நேரம் ஓட்டணும். 6 வோல்ட்னா ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி. லாஸ் எல்லாம் சேத்து ரெண்டு யூனிட்னு வச்சுக்கங்க. மாசத்துக்கு நாலு கிலோ இரும்பு.

கரண்ட் பில் ஒரு பிரச்னையே இல்லைன்னு தெரியுதா. இதை விக்கறவங்க கரண்ட் கம்மிங்கறதையே திருப்பித் திருப்பிச் சொல்வாங்க, அது உண்மையும்கூட. ஆனா இடிக்கறது அங்க இல்லை, ஸ்லட்ஜ்ல.

இரும்பு வழில ஒரு கிராம் குரோமுக்கு காஞ்ச ஸ்லட்ஜ் எட்டு கிராம் வரும், ஏன்னா கூட வந்த மூணு பங்கு இரும்பும் படியணும்ல. நீங்க இப்ப பண்ற மெட்டா பை (இரும்பு மாதிரியே ஆறு-குரோமை மூணா இறக்கறது), காஸ்டிக் வழில ரெண்டு கிராம்தான். உங்க 50 கிராமுக்கு இங்க 400 கிராம், அங்க 100 கிராம். ஃபில்டர் பிரஸ்ல பிழிஞ்சாலும் முக்கால்வாசி தண்ணியாத்தான் இருக்கும், அப்ப ஒண்ணரை கிலோ கேக் வெர்சஸ் நானூறு கிராம் கேக். அந்த கேக் அபாயக் கழிவு. மூட்டை கட்டி ரெஜிஸ்டர்ல எழுதி கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்கு மாதிரி இடத்துக்கு வண்டி ஏத்தி, எடை போட்டுக் காசு கட்டணும். நாலு மடங்கு.

"ஸ்லட்ஜ் கம்மி"ன்னு ஆராய்ச்சிப் பேப்பர்ல எல்லாம் போட்டிருப்பாங்க, நானும் படிச்சிருக்கேன். அது படிகாரமும் சுண்ணாம்பும் அள்ளிக் கொட்ற முறையோட ஒப்பிட்டுச் சொல்றது. குரோமுக்கு, அதுவும் காஸ்டிக் போடற பட்டறைக்கு, அது பொருந்தாது. சுண்ணாம்பு போடறீங்கன்னா கதை வேற, அதுல ஜிப்சமும் சேந்து வரும், வித்தியாசம் குறைஞ்சிடும்.

தொட்டிக்காரன் | ஜூன் 5, காலை 7.20

விட்டுட்டேன். அந்த கேக்கை வெயில்ல காயவச்சு செங்கல் சூளைக்குக் கொடுக்கற வழக்கம் சில பக்கம் இருக்கு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. மூணு-குரோமை சுண்ணாம்போட சேத்து காத்துல சூடு பண்ணா திரும்ப ஆறு-குரோம் ஆகும். டைக்ரோமேட் (ஆறு-குரோம் உப்பு) தயாரிக்கற ஆலைல குரோம் தாதுவை வறுக்கறதும் இதே வேலைதான். நாம கஷ்டப்பட்டு இறக்குனதை சூளை திரும்ப ஏத்தி, மழைத்தண்ணில விட்டுடும்.

தொட்டிக்காரன் | ஜூன் 6, இரவு

"பிளேட் அலுமினியம் மாதிரி வெள்ளையா இருந்துச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. அப்ப டெமோல என்ன காட்டுனாங்கன்னு எனக்கு நிஜமாவே புரியலை. அலுமினியம் கரைஞ்சா நல்ல கொழகொழன்னு ஃப்ளாக் (அழுக்கைச் சேத்துப் பிடிக்கற பஞ்சு மாதிரி திரள்) வரும், சாயத்தண்ணிக்கும் ஆயில் தண்ணிக்கும் நல்லா வேலை செய்யும், ஆனா ஆறு-குரோமை இறக்கற வேலைய இரும்பு செய்யற மாதிரி அது செய்யாது. மஞ்சள் போனதுக்கு ரொம்ப நீர்த்த தண்ணியக் கொண்டுவந்தது காரணமா இருக்கலாம், முன்னாடியே ஏதாச்சும் போட்டிருக்கலாம். உங்க ரின்ஸ் டேங்க்ல இருந்து நீங்களே மொண்டு கொடுத்த தண்ணியா, அவரு கேன்ல கொண்டுவந்ததா?

நிறத்தை நம்பாதீங்கண்ணா. மாசுக் கட்டுப்பாட்டு போர்டு வச்சிருக்கற அளவு ஆறு-குரோம் லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்த குரோம் 2 மி.கி. ஒரு கிளாஸ்ல எடுத்துப் பாத்தா லிட்டருக்கு ஒரு மி.கி. இருந்தாலே கண்ணுக்கு மஞ்சள் தெரியறது கஷ்டம், அதுவே அளவை விடப் பத்து மடங்கு. டைஃபீனைல் கார்பசைடு கிட் வாங்கி வச்சுக்கங்க, ரெண்டு சொட்டு ஆசிட், ரெண்டு சொட்டு கரைசல், ஆறு-குரோம் இருந்தா ஊதா நிறம் வரும். பள்ளிக்கூடப் புள்ளை கூட பண்ணிடும். எங்க தொட்டில ஒவ்வொரு பேட்சும் இது பாக்காம வால்வு திறக்க மாட்டோம்.

தொட்டிக்காரன் | ஜூன் 8, மாலை 6.30

நடுவுல ஒரு தம்பி கேட்டது: "கெட்டியான டிராக்-அவுட் தண்ணிய நேரா இந்த மெஷின்ல விடலாமா?"

விடக்கூடாது தம்பி. (டிராக்-அவுட்னா முலாம் போட்ட சாமானோட (ஜாப்) ஒட்டிக்கிட்டு முலாம் தொட்டில (பாத்) இருந்து வெளிய வர்ற குரோம் கரைசல்.) டைக்ரோமேட்டே இரும்பு துருப்பிடிக்காம இருக்கப் போடற மருந்து. கெட்டியான குரோம் தண்ணில இரும்பு ஆனோடு மேல ஒரு மெல்லிசு படலம் கட்டிக்கும், பிளேட் கரையாது. ஆம்பியர் மீட்டர் பாட்டுக்கு 30 காட்டும், ஆனா அந்தக் கரண்ட் இரும்பைக் கரைக்காம தண்ணியப் பிரிச்சு ஆக்சிஜன் விட்டுட்டிருக்கும். நாம கணக்குப் போட்டு அஞ்சு மணி நேரம் முடிஞ்சுதுன்னு நிறுத்துவோம், குரோம் அப்படியே நிக்கும். நான் பாத்த ஒரு பட்டறைல இதான் நடந்துச்சு, மெஷின் ஓட்டுனவர் மீட்டரை நம்பிட்டாரு, பிளேட்டைக் கழட்டி எடை போட்டுப் பாத்தப்பதான் கரையவே இல்லைன்னு தெரிஞ்சுது. கொஞ்சம் உப்பு போட்டா குளோரைடு அந்தப் படலத்தைக் குத்தி உடைக்கும், அதுக்குத்தான் உப்பு. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பிளஸ் மைனஸ் மாத்தி விடற செட்டப்பும் இருக்கும். நம்மூரு போர் தண்ணில கேத்தோடு மேல சுண்ணாம்பு வேற படியும், அதுக்கும் இந்த மாத்தி விடறது உதவும். மாசம் ஒருக்கா பிளேட்டைக் கழட்டி எடை போடுங்க. கரைஞ்ச எடையும் ஆம்பியர் அவர் கணக்கும் ஒத்துப் போகணும். ஒத்துப் போகலைன்னா மெஷின் பொய் சொல்லுது.

டிராக்-அவுட் தண்ணிய சுத்தம் பண்ணவே வேண்டாம், அது காசு. ஹார்ட் குரோம் பாத் 50, 55 டிகிரில ஓடுது, தண்ணி ஆவியாகிட்டே இருக்கு, தினம் ரொப்பறீங்க. எதால ரொப்பறீங்க? பச்சைத் தண்ணியாலயா? பாத்துக்கு அடுத்து ஒண்ணுக்கு ரெண்டு ஓடாத டிராக்-அவுட் டேங்க் வைங்க, அந்தத் தண்ணியாலயே பாத்தை ரொப்புங்க, கடைசியாத்தான் ஓடற ரின்ஸ். பாத்ல லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட், அதை ஜாப்போட ஒட்டிக்கிட்டு வர விட்டுட்டு அப்புறம் காசு செலவு பண்ணி மண்ணாக்கறதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

திருப்பி ஊத்துனா பாத்ல இரும்பும் மூணு-குரோமும் ஏறுமேன்னு கேப்பீங்க. ஏறும். அதுக்குத்தான் போரஸ் பாட் (நுண்துளை உள்ள சட்டி) இருக்கு. சட்டிக்குள்ள கேத்தோடு, வெளில லெட் (ஈயம்) ஆனோடு. லெட் மேல படியற டைஆக்சைடு மூணு-குரோமை ஆறாக்கிடும், இரும்பு சட்டிக்குள்ள போய் மாட்டும். இதுவும் எலக்ட்ரோ கெமிஸ்ட்ரிதான், பட்டறைக்காரங்க பல வருஷமா பண்றது.

தொட்டிக்காரன் | ஜூன் 9, காலை

ஆம்பூர்ல இருந்து ஒருத்தர் எழுதியிருக்காங்க, டேனரி குரோமுக்கும் இதே மெஷினான்னு. சுருக்கமா சொல்றேன். தோல்ல போடற பேசிக் குரோமியம் சல்ஃபேட் ஏற்கனவே மூணு-குரோம், அதை இறக்க வேண்டிய வேலையே இல்லை. குரோம் கழிவைத் தனியா பிடிச்சு மக்னீசியம் ஆக்சைடு போட்டு படிய வச்சு, சல்ஃப்யூரிக் ஆசிட்ல கரைச்சு திரும்ப டிரம்முக்கே அனுப்பலாம், அடையார் சிஎல்ஆர்ஐ (மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்) பரப்புன முறை. கரண்ட் எதுக்கு? உங்க பக்கம் பெரிய தலைவலி ஊற வைக்கற தண்ணில வர்ற உப்பு, அதுக்கு இந்த மெஷின் ஒண்ணும் செய்யாது. ராணிப்பேட்டைல பழைய குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன குப்பை மேடு வேற விஷயம், அது ஆறு-குரோம், அங்க மஞ்சத்தண்ணி ஊறுறது டேனரியால இல்லை.

தொட்டிக்காரன் | ஜூன் 11, இரவு 11

இன்னிக்கு வந்த கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது, அதனால நீளமா எழுதுவேன், பொறுத்துக்கங்க. "திருப்பூர் சாயத்தண்ணிக்கு எலக்ட்ரோ ஆக்சிடேஷன் வச்சா நொய்யல் பிரச்னை எப்பவோ முடிஞ்சிருக்குமே, ஏன் வைக்கலை?"

எங்க அம்மா ஊரு நொய்யல் கரைதான், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. 1992ல அணை கட்டுனப்ப ஊரே சந்தோஷப்பட்டுச்சு, ஈரோடு கரூர் பக்கம் பாசனம் வரும்னு. வந்தது சாயத்தண்ணி. எங்க மாமா தோட்டத்துல கிணத்துத் தண்ணி பாக்க நல்லாத்தான் இருக்கும், கலர் எதுவும் தெரியாது, வாய்ல வச்சா உப்பு. தென்னை ஒவ்வொண்ணா குருத்து காஞ்சு நின்னுச்சு. மண்ணு மேல வெள்ளையா பூத்துக் கிடக்கும். அதைப் பாத்துட்டுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன், அதனால யாராவது "கலர் போயிடுச்சு, தண்ணி கிளியர்"னு சொன்னா எனக்கு சுர்ருனு ஏறும்.

ரியாக்டிவ் சாயம் பருத்தில ஏறணும்னா உப்பு போடணும், லிட்டருக்கு 40 கிராம்ல இருந்து அடர்த்தியான கலருக்கு 80, 100 வரைக்கும் போகும். சோடியம் குளோரைடோ கிளாபர் சால்ட்டோ. அதுல ஒரு சொட்டு கூட துணில தங்காது, எல்லாம் தண்ணியோட வெளிய வரும். எலக்ட்ரோ ஆக்சிடேஷன் என்ன செய்யும்? ஆனோடுல குளோரைடு குளோரினாகி ஹைப்போ (ஹைப்போகுளோரைட், ப்ளீச் மாதிரி) ஆகும், அது சாயத்துக்கு நிறம் கொடுக்கற அசோ பிணைப்பை உடைக்கும், நிறம் போயிடும். கால் மணி நேரத்துல செவப்பு தண்ணி வெள்ளையாகும், டெமோவுக்கு அருமையா இருக்கும். உப்பு? ஒரு கிராம் குறையாது. ஆத்துல விடற தண்ணிக்கு டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) லிட்டருக்கு 2100 மி.கி.க்குள்ள இருக்கணும்னு அளவு. பல ஆயிரத்துல நிக்கற தண்ணிய எத்தனை ஆம்பியர் விட்டாலும் இறக்க முடியாது. தென்னையைக் கொன்னது நிறம் இல்லைங்க.

அதனாலதான் ஐகோர்ட் துளி கூட வெளிய விடக்கூடாதுன்னு சொல்லி, அதைச் செய்யலைன்னு 2011 ஜனவரில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. அப்புறம் ஆர்ஓ, அதுக்குப் பின்னாடி ஆவியாக்கற எவாப்பரேட்டர், உப்பைத் திரும்ப எடுக்கறதுன்னு வந்துச்சு. அந்தச் சங்கிலில கரண்ட் முறைக்கு ஒரு சின்ன இடம் இருக்கு, மொத்தத் தண்ணிக்கும் அது பதில் இல்லை.

தொட்டிக்காரன் | ஜூன் 12, காலை 6.50

ராத்திரி எழுதுனதுல கணக்கு போடலை. சிஓடி (தண்ணில இருக்கற கரிம அழுக்கை எரிக்கத் தேவைப்படற ஆக்சிஜன் அளவு) ஒரு கிலோ எரிக்க, ஒரு எலக்ட்ரான் கூட வீணாகாதுன்னு வச்சாலும், 3350 ஆம்பியர் அவர் வேணும். 5 வோல்ட்னா 17 யூனிட் பக்கம். லட்சம் லிட்டர் தண்ணி, சிஓடி லிட்டருக்கு 1000 மி.கி.ல இருந்து 250க்கு இறக்கணும்னா 75 கிலோ, அதுக்கு 1250 யூனிட். நிஜத்துல எலக்ட்ரான்ல பாதிக்கு மேல ஆக்சிஜன் விடறதுலயே வீணாகும், 40 சதம் வேலை செஞ்சா 3100 யூனிட் தாண்டும். அதே ஒரு கிலோவை காத்தடிச்சு பாக்டீரியாவை விட்டுத் திங்க வச்சா ஒரு யூனிட், ஒண்ணரை யூனிட்ல முடியும். பாக்டீரியா திங்கறதை கரண்ட் வச்சு எரிக்கறது பாவம்.

பாக்டீரியா திங்காததுக்கு, இல்ல பாக்டீரியாவையே கொன்னுடற விஷத்துக்கு, அங்கதான் இந்த முறை நிக்கும். ஃபீனால், சயனைடு, மருந்துக் கம்பெனி தாய்த்திரவம் (படிகம் எடுத்த பின்ன மிஞ்சற தண்ணி), ஆர்ஓ ரிஜெக்ட்ல (ஆர்ஓ ஒதுக்கித் தள்ற தண்ணி) தேங்கி நிக்கற கெட்ட சிஓடி, அளவு கம்மி விஷம் ஜாஸ்தி. அந்த இடத்துல யூனிட் கணக்கு பாக்காம நான் கை தூக்குவேன்.

சிஓடி ரிப்போர்ட் பாக்கறவங்க ஒண்ணு கவனிங்க. குளோரைடு ஜாஸ்தியா இருந்தா டெஸ்ட்ல போடற டைக்ரோமேட் குளோரைடையும் சேத்து எரிச்சு சிஓடியை ஏத்திக் காட்டும், மெர்க்குரி சல்ஃபேட் போட்டு அமுக்கணும். குளோரைடு லிட்டருக்கு 2000 மி.கி. தாண்டுனா அதுவும் திணறும். அப்புறம் அந்த மெர்க்குரி எங்க ஊத்தறாங்கன்னு லேப்ல கேளுங்க.

தொட்டிக்காரன் | ஜூன் 14

ஆனோடு எதுன்னு கேட்டவருக்கு. டைட்டானியம் மேல ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசுனது, டிஎஸ்ஏன்னு சொல்வாங்க, 1960கள்ல ஹென்றி பீர் கண்டுபிடிச்சது, காஸ்டிக் ஆலைகளுக்காக. குளோரின் விடறதுல கில்லாடி, அதனால உப்புத்தண்ணில ஹைப்போ வழியா வேலை செய்யும், நேரா கரிமத்தை எரிக்காது. போரான் டோப் பண்ண (கொஞ்சம் கலந்த) டைமண்ட் வேற ரகம், அது மேல ஹைட்ராக்சில் ராடிக்கல் சும்மா ஒட்டியும் ஒட்டாமலும் நிக்கும், எதிர்ல எது வந்தாலும் கார்பன் டைஆக்சைடு வரைக்கும் எரிக்கும். விலை யானை விலை. காரைக்குடி சிக்ரில கிராஃபைட் மேல லெட் டைஆக்சைடு பூசி ஆனோடு பண்ணியிருக்காங்க, விலைல அது நமக்கு எட்டற ரகம், ஆனா லெட் தண்ணில கரைஞ்சு வருதான்னு பாத்துட்டே இருக்கணும்.

காரைக்குடின்னதும் சொல்லணும்னு தோணுது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948ல அடிக்கல் வச்ச இடம் அது, 1953ல திறந்தாங்க. மின்வேதியியலுக்குன்னே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் செட்டிநாட்டுல இருக்கு. நம்ம பட்டறைக்காரங்கள்ல எத்தனை பேரு அங்க ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போயிருப்பாங்க? மெஷின் விக்கறவன் டெமோவை நம்பறதுக்கு முன்னாடி அங்க ஒரு லெட்டர் போடலாம். என் கூட வேலை பாக்கற தம்பி அங்க படிச்சவன், அவன்கிட்டதான் பாதி விஷயம் நான் கத்துக்கிட்டேன்.

தொட்டிக்காரன் | ஜூன் 15, மதியம்

டிஎஸ்ஏ வாங்கி ஆர்ஓவுக்கு முன்னாடி வைக்கலாமான்னு ஒரு கேள்வி. வைக்கலாம், ஆனா வெளிய வர்ற தண்ணில ஹைப்போ நிக்கும், அது மெம்பிரேனை அரிச்சுடும். நான் முன்ன வேலை பாத்த ஒரு இடத்துல இப்படித்தான் ஒரு செட் மெம்பிரேன் போச்சு, நடுவுல குளோரினை முறிக்கற பை சல்ஃபைட் டோசிங் பம்ப் இருந்துச்சு, பம்ப் அடைச்சுக்கிட்டதை யாரும் பாக்கலை. ஓஆர்பி மீட்டர் (தண்ணில குளோரின் மாதிரி ஆக்சிடைசர் நிக்குதான்னு காட்டறது) வச்சு, குளோரின் இருந்தா ஃபீட் பம்ப் தானா நிக்கற மாதிரி வயரிங் பண்ணணும்.

இன்னும் பெருசு: கரிமமும் குளோரினும் ஒரே தொட்டில இருந்தா குளோரினேட்டட் சாமான்கள் பிறக்கும், அதுல சிலது முன்ன இருந்ததை விட விஷம். சிஓடி குறைஞ்சுதுன்னு ரிப்போர்ட் சிரிக்கும், அதுல இது தெரியாது. டைமண்ட் ஆனோடுல ரொம்ப நேரம் ஓட்டுனா குளோரைடு குளோரேட் ஆகி பெர்குளோரேட் வரைக்கும் போயிடும். எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்தற ஆளு வேணும்.

தொட்டிக்காரன் | ஜூன் 15, மதியம், அடுத்தது

ஹைட்ரஜன்! இவ்ளோ எழுதிட்டு இதை எழுதாம போகக்கூடாது. ஒரு ஆம்பியர் அவருக்கு 0.42 லிட்டர். குறிச்சி அண்ணன் பட்டறைக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர், மூடி போடாம ஜன்னல் திறந்து வச்சா போதும். ஆனா மேல சொன்ன லட்சம் லிட்டர் சாயத்தண்ணி கணக்குக்கு நூறு கனமீட்டருக்கு மேல. காத்துல 4 சதம் சேந்தாலே பத்திக்கும். மேல் கூரைல தேங்கும், கீழ மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கூரை உச்சில காத்து போற வழி இருக்கணும், பக்கத்துல வெல்டிங் கூடாது.

தொட்டிக்காரன் | ஜூன் 18, இரவு 10.10

குறிச்சி அண்ணன் தனியா கேட்டது எல்லாருக்கும் பயன்படும். பக்கத்துப் பட்டறைல சயனைடு ஜிங்க் முலாம் ஓடுதாம், ரெண்டு பேரும் சேந்து ஒரே மெஷின் வாங்கலாமான்னு பேச்சாம்.

வேண்டவே வேண்டாம்ணா. உங்க தண்ணி ஆசிட். அவரு தண்ணில சயனைடு. ரெண்டும் ஒரே பைப்ல சேந்தா ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆள் நிக்கற இடத்துலயே சாவான். ஒரே சம்ப் கூட வைக்காதீங்க. அவரு தண்ணிய பிஎச் பத்துக்கு மேல வச்சு ஹைப்போவாலயோ டிஎஸ்ஏ ஆனோடுலயோ தனியா உடைக்கட்டும், சயனேட் ஆகி அப்புறம் நைட்ரஜனாப் போகும். பிஎச் இறங்குனா நடுவுல சயனோஜன் குளோரைடு வரும், அதுவும் கொல்லும்.

உடைச்சு முடிச்ச தண்ணிய உங்க குரோம் தொட்டில விடலாமேன்னா அதுவும் கூடாது. மிச்சம் நிக்கற ஹைப்போ, நீங்க இறக்கி வச்ச மூணு-குரோமைத் திரும்ப ஆறாக்கிடும். குரோம் ஸ்லட்ஜைப் பிரிச்சு எடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் எந்த ஆக்சிடேஷனும். வரிசை மாறுனா டெஸ்ட் கிட்ல ஊதா நிறம் திரும்ப வந்து நிக்கும், எங்க இருந்து வந்துச்சுன்னு தலையப் பிச்சுக்குவீங்க.

தொட்டிக்காரன் | ஜூன் 20

இன்னொரு சங்கதி, இதை நான் சமீபமாத்தான் யோசிக்கறேன். குரோம் பாத்ல மிஸ்ட் (பாத் மேல கிளம்பற குரோம் பனித்துளி) வராம இருக்க நுரை மருந்து போடறோம்ல, அதுல பழைய ரகம் எல்லாம் பிஎஃப்ஓஎஸ், ஃப்ளோரின் சங்கிலி. 2009ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல (எளிதா அழியாத விஷங்களுக்கான உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேத்துட்டாங்க. பாக்டீரியா தொடாது, ஹைப்போ தொடாது, மெட்டா பை தொடாது. அதை உடைக்கற சில வழிகள்ல டைமண்ட் ஆனோடு ஒண்ணு, கார்பன் ஃப்ளோரின் பிணைப்பையே உடைச்சு ஃப்ளோரைடாக்குது. நம்ம பட்டறை அளவுக்கு அது இன்னும் வரலை. அதனால மருந்து டப்பால என்ன இருக்குன்னு சப்ளையர்கிட்ட எழுதி வாங்குங்க, ஃப்ளோரின் இல்லாததா கேளுங்க. பாத் மேல மிதக்கற பந்தும் நல்ல எக்ஸாஸ்டும் வச்சு மருந்தைக் குறைக்கலாம், ஆனா எக்ஸாஸ்டைக் குறைக்காதீங்க, மூக்குக்குள்ள போறது ஆறு-குரோம்.

தொட்டிக்காரன் | ஜூன் 23, காலை 7.30

அண்ணன் எழுதியிருக்காரு: டிராக்-அவுட் டேங்க் ரெண்டு வச்சாச்சாம், ஓடற ரின்ஸ்ல மஞ்சள் பாதிக்கு மேல குறைஞ்சுதாம். ரொம்ப சந்தோஷம்ணா. இப்ப "தண்ணிய ஆர்ஓல விட்டு திருப்பி எடுக்கலாம்னு இருக்கேன், அப்ப மெஷின் வேணுமா?"

இங்கதான் எனக்கு இன்னொரு யோசனை. 5ஆம் தேதி ஸ்லட்ஜ் கணக்கை வச்சு மெட்டா பை பக்கமே நின்னேன், அந்தக் கணக்கு மாறலை. ஆனா தண்ணிய வெளிய விடாம திருப்பி எடுக்கறதா இருந்தா வேற ஒரு எடை தட்டுல ஏறுது. நீங்க பிஎச் இறக்க ஆசிட் விடறீங்க, மெட்டா பை போடறீங்க, திரும்ப காஸ்டிக் விடறீங்க, மூணும் கடைசில சோடியம் சல்ஃபேட்டா தண்ணில நிக்கும். டிடிஎஸ் ஏறும், ஆர்ஓ ரிஜெக்ட் ஜாஸ்தி, அந்த ரிஜெக்டை ஆவியாக்கணும். இரும்பு பிளேட்ல ஆசிட் தனியா தேவையில்லை, கூட வர்ற உப்பு கொஞ்சம்தான். ஸ்லட்ஜ் நாலு மடங்கு, உப்பு கம்மி. ஏற்கனவே குரோமை பாதியாக்கிட்டீங்க, அப்ப ஸ்லட்ஜும் பாதி. இந்த நிலைமைல இரும்பு பிளேட் யூனிட் உங்களுக்குப் பொருந்தும்னு இப்ப சொல்றேன். ஆர்ஓ இல்லைன்னா இப்ப பண்றதே போதும்.

அந்தப் பழைய ஆள்கிட்ட வாங்காதீங்க, அலுமினியம் பிளேட். உங்க ரெக்டிஃபையர்ல ஒண்ணு சும்மா கிடக்குன்னு சொன்னீங்களே, அதையே எடுத்து ஒரு இருநூறு லிட்டர் பிவிசி டேங்க்ல மைல்டு ஸ்டீல் தகடு தொங்க விட்டு முதல்ல பாருங்க. பஸ் பார்ல (கரண்ட் போற உலோகப் பட்டை) கிளிப் சூடாகுதான்னு கை வைங்க. தகடு எடை முன்ன பின்ன எழுதுங்க. பிஎச் எட்டரைக்கு காஸ்டிக் கொஞ்சம் தேவைப்படும்.

ரிப்போர்ட்டுக்கு ரெண்டு பாட்டில் எடுங்க: ஒண்ணு வடிகட்டுனது, ஒண்ணு வடிகட்டாதது. ஆறு-குரோமும் மொத்த குரோமும் தனித்தனியா கேளுங்க, டிடிஎஸ்ஸும் சேத்து. ஆறு-குரோம் பாட்டிலுக்கு லேப்காரங்க ஆசிட் விடச் சொன்னா விடாதீங்க, ஆசிட்ல மிச்ச இரும்பு அதை வழிலயே இறக்கிடும், ரிப்போர்ட் நல்லா வரும், தண்ணி நல்லா இருக்காது. ஐஸ் பெட்டில வச்சு அன்னிக்கே கொடுத்துடுங்க. நம்பர் வந்ததும் இங்கயே போடுங்க, பாத்துட்டு ஆம்பியர் எவ்ளோ ஏத்தலாம்னு சொல்றேன்.